பக்கவாதம் தாக்கிய மூளையைக் காக்கும் துணையணுக்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த பக்கவாதம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருப்பது குறித்தும், முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடன் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைப்பது குறித்தும் கட்டுரையாளர் எழுதியவை அனைத்தும் நம் மக்களுக்குத் தேவையானவை. ஆயினும் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வாக்கியம்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. இறந்த மூளை அணுக்கள் திரும்ப உயிர் பெறுவதில்லை என்றும், எஞ்சியிருப்பவை வெறும் பசை அணுக்களே என்றும் பொருள்படும்படி அவ்வாக்கியம் அமைந்திருந்தது. அதன் முற்பாதியை நான் மறுக்கவில்லை. பிற்பாதி தவறு: கட்டுரையாளர் பசை என்று ஒதுக்கியவை, நரம்பணுக்களைச் சூழ்ந்திருந்து காக்கும் துணையணுக்கள். அந்தத் தவறு ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவள் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணனுக்கு ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைபட்டதால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் போயிற்று. சமூக மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, வாரத்திற்கு இரண்டு நாள் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அண்ணி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிச் செல்வார். அவ்வாறிருக்கையில் ஒரு சனிக்கிழமை அண்ணி ஓர் உடல்நல உரைக்குச் சென்றார். அங்கே தமிழில் பேசிய ஒருவர், "செத்த அணு செத்ததுதான், மூளைக்கு மட்டும் மறுபிறவி கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். பேசியவர் இரத்த அழுத்தத்தை அலட்சியப்படுத்துவோரை எச்சரிக்கவே அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணி அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "அவருக்கு மூளையில பாதி செத்துப்போச்சாம். செத்துப்போனதுக்கு எதுக்கும்மா பயிற்சி? பாவம், அவரைப் போட்டு வதைக்கிறோமே" என்று என்னிடம் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு ஆறு வாரங்கள் பயிற்சிக்குப் போகவில்லை.

அந்த ஆறு வாரங்களும் தொடர்ந்து போயிருந்தால் அண்ணன் இன்னும் எவ்வளவு தேறியிருப்பார் என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது. என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அன்று அண்ணியின் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை ஆண்டுப் பணி அனுபவம் இருந்தும், "அப்படி இல்லை, அண்ணி" என்று சொல்ல முடிந்ததே தவிர, ஏன் அப்படி இல்லை என்று தமிழில் விளக்கச் சொல் வரவில்லை. நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். வார்டில் பேசியதெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும். மூளைத் திசுவைப் பற்றி வீட்டுச் சமையலறையில் தமிழில் பேசவேண்டி வரும் என்று யாரும் என்னைப் பழக்கவில்லை. அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இன்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓர் இரத்தக்குழாய் அடைபடும்போது, அக்குழாயை நம்பியிருந்த பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் இறப்பதில்லை. நடுவில் இரத்தம் அறவே நின்றுபோன இடத்திலுள்ள நரம்பணுக்கள் சில நிமிடங்களிலேயே மடிகின்றன. அதைச் சுற்றியுள்ள வளையத்திற்கு அக்கம்பக்கத்துச் சிறு குழாய்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசிந்து வந்துகொண்டிருக்கும். அங்குள்ள அணுக்கள் தம் வேலையை நிறுத்திவிடுகின்றன, ஆனால் உயிரோடு இருக்கின்றன. கிரகணத்தின்போது முழு இருளைச் சுற்றித் தெரியும் அரைநிழலின் பெயரையே மருத்துவர்கள் இந்த வளையத்திற்கும் வைத்திருக்கிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது கம்பம் என்ற கிராமத்துக் குடியிருப்பில் ஒரு குடிசை தீப்பிடித்தால், பெரியவர்கள் எரிகிற குடிசையை விட்டுவிட்டு அடுத்தடுத்த அத்தாப்பு ஓலைக் கூரைகளின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். எரிந்ததைக் காப்பாற்ற முடியாது, எரியாததைக் காப்பாற்றலாம். பக்கவாதத்திற்குப் பிறகு மூளைக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. அங்கே தண்ணீர் ஊற்றுபவை, கட்டுரையாளர் வெறும் பசை என்று ஒதுக்கிய அணுக்கள்தாம்.

பசை என்ற பெயர் நம்மவர் வைத்ததன்று. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856ஆம் ஆண்டில் நரம்பணுக்களுக்கு இடையே கிடந்த பொருளைக் கண்டு, அது நரம்புகளை ஒட்டிவைக்கும் ஒன்று என்று கருதி, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிளியா' என்ற பெயரை உருவாக்கினார். அவரிடமிருந்த கருவிகளைக் கொண்டு அதற்கு மேல் அறிய வழியில்லை. பின்னர் இத்தாலியின் கமில்லோ கோல்கியும் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹாலும் வெள்ளி உப்புகளால் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி ஒவ்வோர் அணுவின் உருவத்தையும் வரைந்து காட்டினார்கள். 1906இல் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். கஹாலின் ஆய்வு மரபில் வந்த பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1919இல் மைக்ரோகிளியா என்ற தனி வகையை அடையாளம் காட்டினார். அதாவது, வெறும் பசை என்ற எண்ணம் தகர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மூளையில் பத்தில் ஒரு பங்குதான் நரம்பணு, மீதியெல்லாம் இந்தப் பசை என்று பல ஆண்டுகள் பாடநூல்களில் எழுதி வந்ததும் சரியன்று. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, ஒரு மனித மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்களும் 85 பில்லியன் பிற அணுக்களும் இருப்பதாகத் தெரியவந்தது. ஒன்றுக்கு ஒன்று துணை என்று சொல்லத்தக்க கணக்கு இது. ஆகவே இக்கடிதத்தில் இவற்றைத் துணையணுக்கள் என்றே குறிப்பிடுகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன்.

துணையணுக்களில் முதலில் சொல்லவேண்டியது ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பற்றி. நுண்ணோக்கியில் விண்மீன் போல் கிளைபரப்பித் தெரிவதால் அவற்றுக்கு அப்பெயர். அவற்றின் ஒரு பக்கத்துக் கிளைகள் இரத்தக்குழாயின் சுவரைத் தழுவி நிற்கின்றன, மறுபக்கத்துக் கிளைகள் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திகளைச் சூழ்ந்து நிற்கின்றன. மனித மூளையில் ஓர் ஆஸ்ட்ரோசைட் 20 லட்சம் சந்திகள் வரை தொட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தத்திற்கும் நரம்பணுவுக்கும் நடுவில் இப்படி நிற்பதால்தான், இரத்தம் தடைப்படும்போது முதலில் கைகொடுக்கவும் அவற்றால் முடிகிறது.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் முதன்மையானது குளூட்டமேட். நம் சமையலறையில் அஜினமோட்டோ என்ற பெயரில் அறியப்படும் உப்பிலும் இருப்பது இதுவே. (உணவில் சேரும் குளூட்டமேட் மூளைக்குள் அநேகமாக நுழைவதில்லை, என் அண்ணி இதைக் கேட்டுவிட்டு உணவங்காடியில் மீ கோரெங் வாங்குவதையே நிறுத்திவிட்டார் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.) நரம்பணுவுக்கு உள்ளே இருக்கும் குளூட்டமேட்டின் செறிவோடு ஒப்பிட்டால் வெளியே இருப்பது பல ஆயிரம் மடங்கு குறைவு. இரத்தம் நின்று ஆற்றல் தீர்ந்துபோன நரம்பணுக்கள் தம்மிடமிருந்த குளூட்டமேட்டை அடக்கிவைக்க முடியாமல் வெளியே கொட்டிவிடுகின்றன. அது பக்கத்து நரம்பணுக்களை ஓயாமல் தூண்ட, அவற்றுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அவையும் அழிகின்றன. ஒரு குடிசையின் தீ அடுத்த குடிசைக்குத் தாவுவது இப்படித்தான்.

அந்தக் குளூட்டமேட்டை உறிஞ்சி எடுப்பது ஆஸ்ட்ரோசைட்டின் வேலை. அதற்கென்றே அதன் மேற்பரப்பில் இறைப்பான்கள் போன்ற புரதங்கள் உள்ளன. உள்ளே இழுத்துக்கொண்ட குளூட்டமேட்டை அது குளூட்டமைன் என்ற தீங்கற்ற பொருளாக மாற்றி நரம்பணுவிடமே திருப்பித் தருகிறது. இந்த இறைப்பான்களில் முக்கியமான ஒன்று இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளுக்கு உயிரைப் பறிக்கும் வலிப்பு வந்ததையும், மூளையில் சிறு காயம் ஏற்படுத்தியபோது பாதிப்பு மற்ற எலிகளைவிடப் பெரிதாக இருந்ததையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டார்கள். பசை என்று பெயர்வாங்கிய அணு ஒன்றின் ஒரே ஒரு புரதத்தை எடுத்துவிட்டதற்கு இந்த விளைவு.

குளூட்டமேட்டை அகற்றுவதோடு ஆஸ்ட்ரோசைட்டின் வேலை முடிவதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. ஆனால் அதன் சேமிப்பு மிகச் சிறிது. அச்சேமிப்பான கிளைக்கோஜன் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள்தான் இருக்கிறது. நெருக்கடி வேளையில் அதை லாக்டேட் என்ற எரிபொருளாக்கி அவை நரம்பணுவுக்கு ஊட்டுகின்றன. நரம்பணுவை அரிக்கும் ஆக்சிஜன் கழிவுகளை முறிக்கத் தேவையான குளூட்டாதயோனை நரம்பணு உருவாக்கிக்கொள்வதற்கும் மூலப்பொருளை அவையே கொடுக்கின்றன. 2016இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டது என்னை மிகவும் நெகிழவைத்தது. பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளின் மூளையில், ஆஸ்ட்ரோசைட்டுகள் தம்முடைய மைட்டோகாண்ட்ரியாக்களையே, அதாவது அணுவின் உலைகளையே, வெளியே அனுப்புகின்றன. அவற்றை அருகிலிருக்கும் நரம்பணுக்கள் உள்ளே ஏற்றுக்கொள்கின்றன. தன் வீட்டு அடுப்பையே தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது போன்ற செயல். மனித மூளையிலும் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

மைக்ரோகிளியா வேறு வகைப் பிறப்பு. மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களான இவை, கரு மிக இளையதாக இருக்கும்போதே கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. எலிகளில் இதை நிறுவிய 2010ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மை ஆசிரியர் ஃபுளோரென் ஜின்ஹூ, நம் நாட்டில் புவன விஸ்தா வட்டாரத்து பயோபோலிஸ் ஆய்வு வளாகத்திலுள்ள நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் ஆய்வுக்குழு நடத்தியவர். மூளையைப் பற்றிய அடிப்படைச் செய்தி ஒன்றைச் சொல்லப் புவன விஸ்தாவை விட்டு வெளியே போகவேண்டியதில்லை என்பதைத் தமிழ் மாணவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

மைக்ரோகிளியா அமைதியான காலத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் நான் படித்த பாடநூலில் இருந்தது. 2005இல் உயிருள்ள எலியின் மூளையை மண்டையோட்டின் வழியே நேரடியாகப் பார்க்கும் நுட்பம் வந்தபோது, அவை ஒரு கணமும் உறங்குவதில்லை என்பது தெரிந்தது. தாம் இருந்த இடத்தில் இருந்தபடியே தம் மெல்லிய விரல்களை நீட்டியும் மடக்கியும், சில மணி நேரத்திற்கு ஒருமுறை மூளைத் திசு முழுவதையும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. லேசர் ஒளியால் நுண்ணிய காயம் ஒன்றை ஏற்படுத்தியபோது, சுற்றியிருந்த மைக்ரோகிளியாவின் விரல்கள் எல்லாம் அந்தத் திசையில் நீண்டு, அரைமணி நேரத்திற்குள் காயத்தை வேலிபோல் வளைத்துக்கொண்டன. குப்பையை அகற்றுவதும், இறந்த அணுக்களின் எச்சத்தை விழுங்குவதும் அவற்றின் பணி. அவை அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். எலிகளின் மூளையிலிருந்து மைக்ரோகிளியாவை மருந்தால் நீக்கிவிட்டுப் பக்கவாதத்தை உண்டாக்கியபோது, இறந்துபோன பகுதி 60 விழுக்காடு பெரிதாயிற்று. மைக்ரோகிளியாவைத் திரும்ப வளரவிட்ட எலிகளில் அந்தக் கூடுதல் சேதம் காணப்படவில்லை. 2016இல் வெளியான இந்த முடிவு ஒன்றே, பயனற்றவை என்ற சொல்லை அச்சிலிருந்து நீக்கப் போதுமானது என்று கருதுகிறேன்.

மூன்றாவது வகையான ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளுக்கு மின்கம்பி உறைபோல் மயலின் சுற்றுபவை. காயத்தில் அவை எளிதில் அழிந்துவிட்டாலும், அவற்றின் இளம் அணுக்கள் முதிர்ந்த மூளையிலும் கையிருப்பில் இருந்து, பெருகி, உறையிழந்த இழைகளுக்கு மறுபடி உறை சுற்ற முயல்கின்றன.

அடுத்ததாகத் தழும்பைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் நம் மக்கள் ஸ்கேன் படத்தில் பார்த்து அஞ்சுவது அதைத்தான். காயம்பட்ட சில நாள்களில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்து, பெருகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிதைந்த பகுதியைச் சுற்றி ஒரு மதில் எழுப்புகின்றன. அந்தத் தழும்பு நரம்பிழைகள் மீண்டும் வளர்வதைத் தடுக்கும் வில்லன் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. நானும் அப்படித்தான் படித்தேன். 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தண்டுவடம் காயம்பட்ட எலிகளில் இந்த ஆஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். மதில் இல்லாமற் போனதும் இரத்தத்திற்கும் நரம்புத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு அடைபடாமல் கிடந்தது, அழற்சி நல்ல திசுவுக்குள்ளும் பரவியது, கூடுதல் நரம்பணுக்கள் மடிந்தன, எலிகள் முன்னிலும் மோசமாக நடமாட்டம் இழந்தன. 2016இல் அவர்களே மேற்கொண்டு செய்த ஆய்வில், தழும்பைத் தடுத்தாலும் நரம்பிழைகள் வளர்ந்துவிடவில்லை என்றும், தழும்பு இருந்தபோது உரிய ஊக்கிகளைக் கொடுத்தால் இழைகள் அதன் ஊடாகவே வளர்ந்தன என்றும் கண்டார்கள். தண்டுவடமும் மூளையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் தழும்பைக் காட்டி, "இதோ, இதனால்தான் தேறமாட்டார்" என்று ஒரு குடும்பத்திடம் சொல்வதற்கு இனி அடிப்படை இல்லை.

துணையணுக்களின் மறுபக்கத்தை மறைத்தால் நானும் அரைகுறையாய்ச் சொன்னவளாவேன். ஆஸ்ட்ரோசைட்டுகளில் நீர் புகும் வாயில்கள் மிகுதி. பக்கவாதத்தின் முதல் நாள்களில் அவ்வழியே நீர் புகுந்து அவை வீங்கும்போது, இறுகிய மண்டையோட்டுக்குள் மூளை நெரிபடுகிறது. அந்த வாயில் இல்லாத எலிகளில் வீக்கம் குறைவாக இருந்ததை 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். துணையணுக்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஸ்டான்ஃபர்டின் பென் பேரஸின் குழு, தூண்டப்பட்ட மைக்ரோகிளியா அனுப்பும் சமிக்ஞைகளால் சில ஆஸ்ட்ரோசைட்டுகள் நரம்பணுக்களையே கொல்லக்கூடியவையாக மாறுவதை 2017இல் அறிவித்தது. ஆக, காவலும் சேதமும் ஒரே அணுவால் நிகழக்கூடும். எந்த நாளில், எந்த இடத்தில், என்ன சூழலில் என்பதைப் பொறுத்தது அது. அழற்சியை அடக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய எண்ணம் தலைக்காயத்தில் தோற்றுப்போனதை இங்கே நினைவுகூரலாம். தலையில் அடிபட்ட 10,008 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான சோதனையில், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரங்களுக்குள் இறந்தோர் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. அதற்குக் காரணம் துணையணுக்கள்தாம் என்று நான் சொல்லவில்லை. காயம்பட்ட மூளை தானே செய்துகொண்டிருக்கும் வேலைக்குள் கைவைப்பது எவ்வளவு கவனத்திற்குரியது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே காரணத்தால்தான் 'மூளையணுக்களைப் புதுப்பிக்கும்' என்று சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் தூள்களையும் குளிகைகளையும் கண்டு கவலைப்படுகிறேன். எலிகளில் தெரிந்த ஒரு செய்தியை மேலே எழுதியிருக்கிறேன் என்பதற்காக, அதைப் போத்தலில் அடைத்து விற்க எவருக்கும் உரிமை வந்துவிடாது. துணையணுக்களைக் குறிவைக்கும் மருந்து எதுவும் பக்கவாதத்திற்கு வழக்கமான சிகிச்சையாக இன்று இல்லை. விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் பக்கவாதம் நின்றுவிடும் என்ற செய்தியும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய குழாய் அடைபட்டு வைத்தியம் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கும்போது, ஊசி தேடும் ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். துணையணுக்கள் எவ்வளவு முயன்றாலும் இரத்தம் வராத இடத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும். இரத்தக்குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி அக்கட்டியை எடுக்கும் சிகிச்சையைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்கிறார்கள். மேலே சொன்ன அரைநிழல் வளையம் உயிரோடு இருக்கும்வரைதான் இவையெல்லாம்.

அதற்கடுத்த வாரங்களுக்குரியது மறுவாழ்வுப் பயிற்சி. இயற்கையாக ஏற்படும் தேறலில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், எஞ்சிய நரம்பணுக்கள் புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்ளும் அக்காலத்தில் பயிற்சியை விட்டுவிடுவது பெருந்தவறு. அதற்காக மறுநாளே படுக்கையிலிருந்து இழுத்து நடக்க வைக்கவேண்டும் என்பதும் இல்லை. சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2015இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில், 24 மணி நேரத்திற்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்றாம் மாத முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யட்டும். விட்டுவிடாமல் கூட்டிச் செல்வது குடும்பத்தின் பங்கு.

என் அண்ணன் இப்போது ஊன்றுகோலுடன் கீழ்த்தளத்து காப்பிக்கடை வரை நடந்து போகிறார். வலக்கை முழுவதும் திரும்பவில்லை. பேச்சில் இருபது முப்பது சொற்கள் வந்திருக்கின்றன. அதில் 'தங்கச்சி'யும் ஒன்று. ஆறு வாரங்களுக்குப் பிறகு அண்ணியை மறுபடி பயிற்சிக்குப் போக வைத்தவர் ஓர் இளம் சிகிச்சையாளர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு காகிதத்தில் கறுப்பு வட்டம் ஒன்றை வரைந்து, அதைச் சுற்றிப் பெரிய வட்டம் வரைந்து, வெளி வட்டத்திற்கு மட்டும் பச்சை வண்ணம் தீட்டிக் காட்டினார். அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் காகிதத்தை இன்னும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். அந்தக் கட்டுரையின் கடைசி வாக்கியத்திற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 'இறந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை; ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள திசு உயிரோடு இருக்கிறது, அதைக் காக்கத் துணையணுக்கள் பாடுபடுகின்றன, ஆகவே சிகிச்சையையும் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள்' என்ற அளவில் இருந்தாலே போதும். மேலும், தங்கள் உடல்நலப் பக்கத்தில் நம் தமிழ் பேசும் நரம்பியல் மருத்துவர்களையும் தாதியரையும் கொண்டு இப்பொருளை விரிவாக எழுதவைக்க வேண்டுகிறேன். 'மூளை செத்துவிட்டது', 'மூளைச்சாவு', 'மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டது' ஆகிய மூன்றும் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூளைச்சாவு என்பது மருத்துவச் சட்டப்படி மரணம்; பக்கவாதம் வந்து பேச்சிழந்து உட்கார்ந்திருப்பவர் உயிருள்ள மூளையோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இந்த வேறுபாட்டை நாளேடு ஒன்று திரும்பத் திரும்பத் தெளிவாக எழுதினால், மருத்துவமனைகளில் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கும் சரியான சொல் வாயில் வரும்.

அக்கட்டுரைகளில் சிங்கப்பூர் மூளை வங்கியையும் குறிப்பிட வேண்டுகிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் 2019இல் அது தொடங்கப்பட்டது. மேலே நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை எலிகளிடம் கண்டவை. மனித ஆஸ்ட்ரோசைட் எலியினுடையதைவிடப் பெரியது, கிளைகளும் அதிகம். மனிதத் திசுவைப் பார்க்காமல் மனிதருக்கான மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தருவது பற்றி நம் வீடுகளில் பேசவே தயங்குகிறோம். நான் என் பிள்ளைகளிடம் என் விருப்பத்தைச் சொல்லிவிட்டேன்.

கட்டுரைகளைத் தமிழில் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால், வாரநாள்களில் பிற்பகலில் எனக்கு நேரம் இருக்கிறது. முற்பகலில் அண்ணனைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்